தண்ணீர் இருந்தும் பட்டினி: பொதிகை அடிவாரத்தில் வறட்சியும் பெருவிலங்குகளும்

பங்குனி பிறந்துவிட்டால் செய்தித்தாள்களில் ஒரு படம் தவறாமல் வரும். டிராக்டரில் தண்ணீர் டேங்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், சிமென்ட் தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். வனவிலங்குகளின் தாகம் தீர்க்க ஏற்பாடு என்று கீழே ஒரு வரி இருக்கும். அந்த வேலையைச் செய்கிறவர்களின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கொதிக்கிற வெயிலில் அதைச் செய்வதற்கு மனசு வேண்டும். ஆனாலும் திருநெல்வேலிச் சீமையைப் பொறுத்தவரை, வறட்சி என்றால் தாகம் என்று மட்டுமே நாம் புரிந்துவைத்திருப்பது பெரிய குறை. நம் மலையடிவாரத்தில் மானும் மிளாவும் (கடமான்) காட்டுமாடும் மெலிவதும் சாவதும் பெரும்பாலும் பசியால்தான். பக்கத்திலேயே ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பசி வந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள மலையிலிருந்து தொடங்க வேண்டும். மழையைப் பங்கு போடுவதில் பொதிகை மலை ஓரவஞ்சனை செய்கிற மலை. பாளையங்கோட்டைச் சமவெளியில் ஆண்டுக்கு 700 முதல் 800 மில்லிமீட்டர் பெய்தால் அது நல்ல வருசம். மணிமுத்தாற்றிலிருந்து மலைப்பாதையில் ஏறி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போனால் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அம்பாசமுத்திரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். மேலே எப்போதும் ஈரம் சொட்டும் மழைக்காடு, அதற்கும் கீழே இலையுதிர் காடு, அடிவாரத்தில் முட்காடு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் உள்ளடக்கித்தான்.

மழைக்காட்டில் ஈரம் இருக்கிறதே, மான்கள் அங்கே போய்விடலாமே என்று தோன்றும். போக முடியாது. அங்கே மர உச்சிகள் கூடி வெளிச்சத்தை மறித்துவிடுவதால் தரையில் புல் முளைப்பதில்லை. இலைகளெல்லாம் எட்டாத உயரத்தில். சருகுமானும் கேளையாடும் உதிர்ந்த பழம், கொழுந்து என்று பொறுக்கித் தின்று பிழைத்துக்கொள்ளும். மிளாவும் யானையும் ஓரளவு சமாளிக்கும். கூட்டமாக மேய்கிற புள்ளிமானுக்கு அங்கே பிழைப்பில்லை. ஈரம் இருக்கிற இடத்தில் தீனி இல்லை, தீனி இருக்கிற இடத்தில் ஈரம் நிலைப்பதில்லை. நம் மலையின் பெருவிலங்குகள் காலங்காலமாக இந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கித்தான் வாழ்ந்துவந்திருக்கின்றன.

அடுத்தது மழைக்காலம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சீமை முழுக்கக் குளிர்ந்துவிட்டதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவிலும் மலை உச்சியிலும் நீரைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி, உலர்ந்த காற்றாக வருகிறது. கணவாய் வாய்களில் அது இன்னும் வேகம் பிடிக்கும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான். அம்மி பறக்கும் ஆடிக்காற்று, அடிவாரக் காட்டின் புல்லிலும் மண்ணிலும் மிச்சமிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதனால் களக்காடு, திருக்குறுங்குடி, முண்டந்துறைப் பக்கத்து அடிவாரங்களுக்கு ஆண்டில் இரண்டு வறட்சிகள். தையில் தொடங்கிப் பங்குனி வரை ஒன்று, ஆனியிலிருந்து ஆவணி வரை இன்னொன்று. நடுவில் சித்திரை, வைகாசியில் இடியோடு பெய்கிற கோடைமழைதான் பாலம். அந்த மழை பொய்த்தால், வடகிழக்குப் பருவமழை வரும்வரை ஏறத்தாழ எட்டு மாதம் புதுப்புல் கிடையாது.

இங்கேதான் நம் கணிப்பு தவறிப்போகிறது. ஆனி மாதம் பாபநாசம் அணையின் நீர்மட்டம் ஏறும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வயல்களில் நாற்று பச்சை கட்டும். பஞ்சம் தீர்ந்தது என்று ஊர் மூச்சுவிடும். அணைக்கு வந்த தண்ணீர் மலை உச்சியில் பெய்த மழை. அணையைச் சுற்றியிருக்கிற காட்டில் அதே வாரம் புல் சருகாகிக் கிடக்கும். அணையின் அடிக்கணக்கை வைத்துக் காட்டின் நிலைமையை எடைபோட முடியாது. 143 அடி அணை நிரம்பி வழியும்போதே முண்டந்துறை மான் எலும்பும் தோலுமாக நிற்க முடியும்.

மானின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் தெளிவாகும். மானும் மாடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் முதல் இரைப்பை மாவு புளிக்கிற பானை மாதிரி. புல்லை மான் நேரடியாகச் செரிப்பதில்லை. பானைக்குள் இருக்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கும் தீனி வேண்டும். உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு புரதமாவது புல்லில் இருந்தால்தான் அவை பெருகி வேலை செய்யும். மழைக்குப் பின் துளிர்த்த இளம்புல்லில் 10 பங்குக்கு மேல் இருக்கும். ஈரம் வற்றி, புல் பூத்து முற்றிக் காய்ந்ததும் அது 3, 4 என்று இறங்கிவிடும். நார் கூடும், தண்டு கட்டையாகும். அந்தப் புல்லை வயிறு முட்டத் தின்றாலும் உள்ளே நுண்ணுயிர்கள் சோர்ந்துபோவதால் செரிக்க நாளாகும். முதலில் தின்றது இறங்காததால் அடுத்த வேளை தின்ன முடியாது. வயிறு உப்பியிருக்கும், உடம்பு கரையும். அருகிலேயே தண்ணீர்த் தொட்டி இருந்து என்ன பயன்? தண்ணீர் குடித்துப் புரதம் ஏறாது.

யானைக்கு இந்தக் கணக்கு வேறு. அதற்கு அசைபோடுகிற இரைப்பை கிடையாது. தின்றதில் பாதிகூடச் செரிக்காது, ஆனால் வேகமாக வெளியேற்றிவிட்டு மேலும் மேலும் தின்னும். நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி, 100 லிட்டருக்கு மேல் தண்ணீர். தரமில்லாத தீனியையும் அளவைக் கூட்டி ஈடுகட்ட முடிகிறது. மரப்பட்டை, மூங்கில், ஆற்றோரத்து ஈத்தை என்று வறட்சியில் அது தாக்குப்பிடிப்பது இப்படித்தான். வளர்ந்த யானைக்கு இது சரி, பால்குடிக் குட்டிக்கு இது உதவாது. தாய்க்குப் பால் வற்றினால் குட்டிக்கு வேறு போக்கில்லை.

காட்டுக்குள் நடப்பவர்களுக்கு இதையெல்லாம் அளக்கக் கருவி தேவையில்லை, எச்சம் போதும். கார்த்திகையில் புள்ளிமான் போட்ட புழுக்கை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக, கரும்பச்சையாக மினுங்கிக் கிடக்கும். விரலால் அழுத்தினால் பசைபோல நசுங்கும். அதே ஓடைக்கரையில் ஆடி மாதம் பார்த்தால் புழுக்கைகள் சிறுத்து, தனித்தனியாக உருண்டு, மிளகுபோல் இறுகியிருக்கும். உடைத்தால் தவிட்டு நிறத்தில் நார்த்தூள் உதிரும். யானை லத்தியைப் பிரித்தால் விரல் நீளத்துக்குப் பட்டை நார் அப்படியே இருக்கும். காட்டுமாட்டின் சாணி மழைக்காலத்தில் தரையில் பரவிக் கிடப்பது, வறட்சியில் அடுக்கடுக்காக இறுகிப்போகும். அடுத்து விலங்கின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உடம்பில் வாலடி உருண்டிருக்கும், இடுப்பெலும்பு தெரியாது. வறட்சி மூத்தால் முதலில் இடுப்பெலும்பு முனை தள்ளும், பிறகு முதுகுத்தண்டு, கடைசியில் விலா. யானைக்குக் கண்ணுக்கு மேலே பொட்டுப் பகுதி குழிவிழும். விலா எண்ணும்படி தெரிகிற நிலைக்கு வந்த பெண்மானைத் தொட்டித் தண்ணீர் காப்பாற்றாது.

ஒரே வறட்சி எல்லா விலங்கையும் ஒரே மாதிரி அடிப்பதும் இல்லை. புள்ளிமான் முதலில் புல்லைத்தான் நாடும். புல் போனபின் தழை, உதிர்ந்த பூ, நெல்லிக்காய், தான்றிக்காய் என்று மாறிக்கொள்ளும். முண்டந்துறையில் சாம்பல் மந்திகள் மரத்தில் மேயும்போது கீழே மான்கூட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மந்தி பாதி கடித்துப் போடுகிற தழையும் காயும் கோடையில் மானுக்குப் பெரிய ஆதாரம். மிளா பெரும்பாலும் தழை தின்பது. அது தனியாகவோ இரண்டு மூன்றாகவோ திரிவதால், ஓடை மடிப்புகளில் மிஞ்சியிருக்கிற பச்சையை வைத்துத் தப்பிக்கும். காட்டுமாடு புல்லை நம்பியது, உடம்போ பெரிது. வறட்சியில் தேக்கு மரப்பட்டையைக்கூட உரித்துத் தின்னும். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் மான்கள் உதிர்ந்து கிடக்கிற கொம்பையும் பழைய எலும்பையும் கடிப்பதும் உண்டு. ஆண்மானின் கொம்பு வளர்கிற மாதங்களில் தீனி சரியில்லை என்றால் அந்த ஆண்டுக் கொம்பு சின்னதாகிப்போகும்.

கணக்கெடுப்புகளில் தவறிப்போகிற சங்கதி பிறப்பு. வறட்சியில் பெரிய விலங்குகள் கண்முன்னே கூட்டங்கூட்டமாகச் சாவது நம் காட்டில் அபூர்வம். நடப்பது வேறு. குட்டி ஈன்ற தாய்க்குத் தேவைப்படுகிற சத்து, மற்ற நாளைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. அது கிடைக்காதபோது உடம்பு முதலில் பாலை நிறுத்தும். குட்டி போய்விடும். அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் மெலிந்த தாய் சினைப்படத் தாமதமாகும். மானுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ எட்டு மாதம், காட்டுமாட்டுக்கு ஒன்பது, யானைக்கு 22. ஆகவே ஓர் ஆண்டு வறட்சியின் தழும்பு மந்தையில் தெரிவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போது பார்த்தால் கிழட்டு விலங்குகளும் நடுவயதும் இருக்கும், இடையில் ஒரு தலைமுறையே காணாது. வறட்சி ஆண்டில் எடுத்த மொத்தத் தலைக்கணக்கு "எண்ணிக்கை குறையவில்லை" என்று ஆறுதல் சொல்லும். நூறு பெண்மானுக்கு எத்தனை குட்டி என்ற கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

தண்ணீரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் 1970–71 வறட்சியில் சுமார் 6,000 யானைகள் செத்தன. அவற்றில் பெண் யானைகளும் குட்டிகளும்தான் மிகுதி. செத்தது பெரும்பாலும் வற்றாத ஆற்றை ஒட்டிய பகுதிகளில். குட்டியோடு இருக்கிற தாய், தண்ணீரை விட்டுத் தொலைவு போக முடியாது. நடக்கிற தூரத்துக்குள் இருந்த அத்தனை செடியையும் தின்று தீர்த்தபின், தண்ணீரை வைத்துக்கொண்டே பட்டினியால் விழுந்தன. தென்னாப்பிரிக்காவின் குருகர் பூங்காவில் நடந்தது இன்னொரு விதம். வறண்ட வடபகுதியில் ஆழ்துளைக் கிணறு போட்டுச் செயற்கைக் குட்டைகள் அமைத்தார்கள். அதுவரை அங்கே வராத வரிக்குதிரைகள் வந்தன, அவற்றின் பின்னாலேயே சிங்கங்கள் வந்தன. அங்கே அரிதாக வாழ்ந்த ரோன் மான்கள் அருகிப்போயின. பிறகு பல குட்டைகளை அவர்களே மூடினார்கள்.

நம் காட்டுக்கும் இது பொருந்தும். ஒரு தொட்டியைச் சுற்றி மான்கள் குவிந்தால் சுற்றுவட்டத்துப் புல் வேரோடு போகும். செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் வேட்டை சுலபமாகும். எல்லா விலங்கும் ஒரே வாயில் குடிப்பதால் நோயும் பரவும். இயற்கையான கசமும் (ஆற்றின் ஆழ்மடு) சுனையும் ஓடையும் வற்றிப்போன இடத்தில், வேறு வழியே இல்லாதபோது தொட்டி தேவைதான். வற்றாத தாமிரபரணியும் சேர்வலாறும் இருபுறமும் ஓடுகிற முண்டந்துறை மேட்டுநிலத்தில் யோசிக்க வேண்டியது புல்லைப் பற்றி.

முண்டந்துறைப் புல்லின் கதை துயரமானது. ஒரு காலத்தில் அங்கே மாட்டுக்கிடைகள் இருந்தன. கிடை போட்ட இடத்தில் சாணம் சேர்ந்து, மாடு கடித்துக் கடித்துக் குட்டையான புல் தழைத்தது. கிடைகளால் காட்டுக்குத் தீங்கும் நிறைய. நோய், தீ, கள்ளவேட்டைக்குத் துணை என்று எல்லாமே உண்டு. அவற்றை வெளியேற்றியது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். அதன்பிறகு காலியான இடங்களில் சுக்குநாறிப்புல் இனத்தைச் சேர்ந்த உயரமான வாசனைப்புல்லும் உண்ணிச்செடி (லண்டானா) என்கிற களையும் மண்டிவிட்டன. அந்தப் புல் இளசாக இருக்கும் சில வாரங்கள்தான் மான் வாய் வைக்கும். முற்றினால் ஆள் உயரத்துக்கு நின்று, காய்ந்து, தீக்கு விறகாகும். நாங்குநேரியில் பிறந்து, இந்தக் காட்டைத் தன் வாழ்நாள் முழுக்க நேசித்த கானுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங், முரட்டுப்புல்லும் களையும் மான்களின் தீனியைக் குறைத்துவிட்டதைத் தொடர்ந்து சொல்லிவந்தார். 2024-ல் அவர் மறைந்துவிட்டார். அவர் கவலைப்பட்ட புல் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

உண்ணிச்செடி வறட்சியை இரண்டு மடங்காக்குகிறது. கொஞ்சம் மழை பெய்தாலும் அது முந்திக்கொண்டு நீரைக் குடித்து, தரையை மூடிவிடும். அடியில் புல் வராது. அதை மான் தின்னாது. வெட்டிப்போட்டால் அடுத்த மழையில் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, உடனே அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, ஐப்பசி மழைக்கு நிலம் தயாராக இருக்க வேண்டும். பங்குனியில் பிடுங்கி அப்படியே விட்டால், ஆடிக்காற்றில் மேல்மண் பறந்து, அங்கே மறுபடி முளைப்பதும் களையாகத்தான் இருக்கும். உழவனுக்குப் பட்டம் முக்கியம் என்பது காட்டுக்கும் பொருந்தும்.

ஈரம் கூடினாலும் துன்பம் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை விழுந்ததும் கிளம்புகிற துளிரில் நீர்தான் அதிகம். காய்ந்த நாருக்குப் பழகிய வயிறு அதை ஏற்காமல் கழியும். ஏற்கெனவே மெலிந்த விலங்குகளில் சில, மழை வந்த பிறகுதான் விழுகின்றன. சகதியான நீரோரங்களில் நத்தை பெருகி, கல்லீரல் புழு மந்தைக்குள் நுழையும். புல்லில் உண்ணி ஏறும். விடாத மழையிலும் குளிரிலும் இளங்குட்டிகளுக்குச் சளி கட்டும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கக்கூடியவை. வறட்சியில் புல்லை அடிவரை கறண்டும்போது வாயில் மண்ணும் சேர்ந்து போகும். வெள்ளம் புரட்டிப்போட்ட மண்ணிலிருந்தும் அது மேலே வரும். வறட்சியும் பெருமழையும் அடுத்தடுத்து வருகிற ஆண்டுதான் நோய்க்கு வாகான ஆண்டு.

நோயைப் பற்றிப் பேசும்போது அடிவாரத்து மாடுகளை விட்டுவிட முடியாது. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவிக் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. காட்டுமாட்டுக்கு யாரும் ஊசி போடவில்லை. வீட்டு மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசிதான் அதைச் சாதித்தது. கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அதே வழிதான். வறட்சியில் ஊர்மாடும் காட்டுமாடும் ஒரே குட்டையில் வாய் வைக்கும்போது, காட்டோரக் கிராமங்களில் தை மாதத்துக்குள் தடுப்பூசி முடிந்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்பிலும் சேர்ந்த வேலை.

மலை உச்சியில் வரையாட்டின் நிலை தனி. அது புல்வெளியிலும் செங்குத்துப் பாறையிலும் வாழ்வது, பெரும்பாலும் தை, மாசி ஒட்டிக் குட்டி போடுவது. வடகிழக்கு மழை விட்டுப்போன ஈரமும், விடியலில் படிகிற மூடுபனியும் அந்த மாதங்களில் புல்லைப் பசுமையாக வைத்திருக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கில் வரையாடுகள் மொத்தம் 1,031. நம் பொதிகை சேர்ந்த அகத்தியமலைத் தொகுப்பில் இருப்பவை சின்னச் சின்னக் கூட்டங்கள், ஒன்றுக்கொன்று தூரத்துக் கொடுமுடிகளில். ஒரு குன்றில் தீ பிடித்தோ மழை பொய்த்தோ குட்டிகள் போனால், அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் குன்றிலிருந்து வருவதற்கு ஆடுகள் இல்லாமல் போகலாம்.

மழையின் மொத்தக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதை அண்மைய ஆண்டுகளே காட்டுகின்றன. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வறட்சி எல்லாருக்கும் தெரிந்த வறட்சி. 2023 வேறு மாதிரி. தென்மேற்குப் பருவமழை கேரளத்திலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோன ஆண்டு அது. பிறகு டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி, ஊர்களை மூழ்கடித்துக் கடலுக்குப் போனது. ஆண்டுக் கணக்கில் அது தாராளமான மழை. புல்லின் கணக்கில் அப்படியில்லை. வேகமாகக் கொட்டுகிற மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும், சரிவுகளில் மேல்மண்ணையும் கூடவே கொண்டுபோகும். அதே மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குப் பரவிப் பெய்திருந்தால், மாசி வரை அடிவாரத்தில் பச்சை நின்றிருக்கும்.

வறட்சியை விலங்குகள் காலங்காலமாக நடந்துதான் கடந்தன. அந்த நடை இன்று பல இடங்களில் தடைபட்டுவிட்டது. வடக்கே செங்கோட்டைக் கணவாயில் நெடுஞ்சாலை, ரயில்பாதை, தோட்டங்கள், குடியிருப்புகள். அதைத் தாண்டிப் பெரியாறு பக்கத்துக் காட்டுக்குப் போவது நம் யானைகளுக்கு மிகவும் அரிதாகிவிட்டது. தெற்கே ஆரல்வாய்மொழியோடு மலை முடிகிறது. 2022-ல் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. அந்த எல்லைக்குள்ளேயே ஆற்றங்கரைகள் யானைக்குக் கிடைக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வறண்ட மாதங்களில் சிவசைலம், கடையம், வடகரைப் பக்கம் யானை இறங்கி வாழையையும் தென்னையையும் சாய்ப்பதற்கு அதன் குணத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. காட்டில் சருகும் நாரும் இருக்கிற மாதத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நீரும் மாவுச்சத்தும் நிறைந்த வாழைத்தார் தொங்குகிறது. ஒரு வருச உழைப்பை ஒரே ராத்திரியில் இழக்கிற விவசாயியின் வயிற்றெரிச்சலும் நியாயமானது. இழப்பீடு காலத்தோடு கையில் கிடைத்தால்தான், அவர் மனதில் யானைக்குக் கொஞ்சமாவது இடம் மிஞ்சும்.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூடுகிற கூட்டத்தையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அது நம் மக்களின் குலதெய்வக் கோயில். பரம்பரை பரம்பரையாகப் போகிறவர்களைப் போகாதே என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஆடி என்பது அடிவாரக் காட்டில் இரண்டாம் வறட்சியின் உச்சம். பச்சை மிஞ்சியிருப்பது காரையாறு ஆற்றங்கரையில் மட்டும். அந்தக் கரையில்தான் லட்சக்கணக்கானோர் கூடுகிறோம். தங்கும் நாட்களையும் வாகனங்களையும் வனத்துறை கட்டுப்படுத்துவதை, சாமி கும்பிடுவதற்குத் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நாட்களில் ஆற்றுக்கு வர முடியாமல் திரும்பிப் போகிற மிளாவையும், குட்டியோடு நிற்கிற யானையையும் கருதித்தான் அந்த ஏற்பாடு.

சமவெளியில் இரண்டு சின்ன இடங்கள், ஒன்றுக்கொன்று நேர்மாறு. கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 288 ஹெக்டேர். பக்கத்தில் தொழிற்பேட்டை, நாற்கரச் சாலை, ரயில்பாதை. தினமும் தண்ணீரும் பசுந்தீனியும் கேட்கிற புள்ளிமான், உடைமரமும் முள்ளும் நிறைந்த அந்த வறண்ட நிலத்தில் அடைபட்டிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் வெளியே வந்தால் நாய், வண்டி. இங்கே தொட்டித் தண்ணீரும் கூடுதல் தீனியும் தேவை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். போக வழியில்லாத மந்தையிடம் இயற்கையைச் சமாளி என்று சொல்ல முடியாது. தூத்துக்குடிச் சாலையில் இருக்கிற வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள். 1987-ல் சரணாலயமான, 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடம். வெளிமான் வறண்ட திறந்தவெளிக்கென்றே உருவானது. தீனியில் இருக்கிற ஈரத்தை வைத்தும் ஓரளவு சமாளிக்கும். அதற்கு வேண்டியது கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிற தரவை, அதாவது திறந்த புல்வெளி. அதை விழுங்குவது சீமைக்கருவேலம். வறட்சியில் அதன் நெற்றை வெளிமான் தின்னத்தான் செய்யும், அதைக் காட்டி அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு பருவத்து நெற்றுக்காக ஆண்டு முழுக்க மேயும் வெளியை இழப்பது மானுக்கு நட்டம்.

செய்ய வேண்டியவை பெரிய பணம் கேட்பவை அல்ல. முண்டந்துறையிலும் களக்காட்டு அடிவாரத்திலும் சில இடங்களில் வேலி போட்ட சிறு புல்பாத்திகளையும் வேலி இல்லாத பாத்திகளையும் அருகருகே வைத்து, மாதா மாதம் புல்லின் உயரத்தையும் பசுமையையும் குறித்துவந்தால், பஞ்சம் மானின் விலாவில் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே புல்லில் தெரிந்துவிடும். புரட்டாசியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை, பெண்மானுக்கு எத்தனை குட்டி என்று எண்ண வேண்டும். எந்த ஓடை எந்த மாதம் வற்றியது, எந்தக் கசத்தில் கடைசித் தண்ணீர் நின்றது, எந்தப் பொடவில் (பாறைக்குகை) ஊற்று கசிந்தது என்பதெல்லாம் காரையாற்றுப் பக்கத்துக் காணிக்காரப் பழங்குடியினருக்கும், அடிவாரத்தில் மாடு மேய்க்கிறவர்களுக்கும் மனப்பாடம். அது வனத்துறையின் பதிவேட்டில் ஆண்டுதோறும் ஏறினால், உண்ணிச்செடியை அடுத்து எந்தச் சரிவில் பிடுங்க வேண்டும், விதையை எங்கே தூவ வேண்டும் என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.